பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய ஆட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பின்னேர வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, தரம் 9 பையன் ஒருவன் நானாவின் போனை நீட்டினான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்து மெட்ச். ஒரு இலட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம், பேண்ட் வாத்தியம், ஒரே நிறத்தில் உடுத்த சனம்.

"சேர், இது நம்ம ரகர்தானே? ஏன் ஹெல்மெட் போட்டிருக்காங்க? ஏன் பந்தை முன்னுக்கு எறியிறாங்க?"

அதற்குப் பதில் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"நம்ம ஸ்கூல்ல ஏன் சேர் ரகர் இல்ல?"

அதற்கு அந்த இடத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிற ஆள் நான். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்கக் கால்பந்தும் நம்முடைய றக்பியும் ஒரே குடும்பம். 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போய் றக்பி முறையில் ஆடிக் காட்டினார்கள். ஹார்வர்ட் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. அதிலிருந்து மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. பிறகு அவர்கள் விதிகளை மாற்றிக்கொண்டே போனார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆனார்கள். ஆட்டம் முரட்டுத்தனமாகி மாணவர்கள் உயிரிழக்கும் நிலை வந்ததால், 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியிருந்தது. அடுத்த வருஷம், 1906இல், பந்தை முன்னுக்கு எறியலாம் என்ற விதி வந்தது. றக்பியில் இன்றுவரை கையால் முன்னுக்கு எறிய முடியாது. முன்னேற வேண்டுமானால் ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். பந்தைக் கைமாற்றுவதென்றால் பக்கத்தில் அல்லது பின்னால் வருகிறவனுக்குத்தான்.

அதே 1906இல்தான் நம்ம கண்டியிலும் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த ஆட்டம் கண்டிக்கு வந்தது நம்ம கடுகண்ணாவைக் கணவாய் வழியாகத்தான். முதலில் தெரு வந்தது. டோசன் கோபுரத்தை நாளும் பார்க்கிறோம், அந்தத் தெருவைப் போட்ட கெப்டன் டோசனின் நினைவாக 1832இல் கட்டியது. 1867இல் ரயில் வந்தது. கோப்பித் தோட்டத் துரைமார் வந்தார்கள். துரைமாரோடு அவர்களுடைய ஆட்டங்களும் வந்தன. மெக்கில் மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போன அதே 1874இல் கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. 1879இல் கொழும்பில் கால்பந்துக் கழகம் அமைத்து றக்பி ஆடத் தொடங்கினார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரருக்கான கழகங்கள். நம்ம நாட்டவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். கொழும்பில் இலங்கையருக்கென்று சீ.ஆர். அன்ட் எஃப்.சீ. என்ற றக்பிக் கழகம் அமைந்தது 1922இல்தான்.

ஆனால் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நம்ம நாட்டுப் பிள்ளைகள் கண்டியில் இந்தப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். காரணம் ஒரு வாத்தியார்.

லூயிஸ் எட்மண்ட் பிளேஸ். கண்டியில் பிறந்த பறங்கியர். ட்ரினிட்டி கல்லூரியில் படித்தவர். இந்தியாவுக்குப் போய் கல்கத்தாவிலும் லாகூரிலும் படிப்பித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1891 மே 4ஆம் திகதி கண்டி பெவிலியன் வீதியில் சொந்தமாக ஒரு பாடசாலை தொடங்கினார். முதல் நாள் வந்த பிள்ளைகள் 11 பேர். அந்தப் பாடசாலைதான் பிறகு கிங்ஸ்வூட் கல்லூரி ஆனது.

கல்கத்தா என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. அங்கே இருந்த பிரிட்டிஷ்காரர் 1873இல் ஒரு றக்பிக் கழகம் அமைத்து, அது நீடிக்காமல் போனபோது, வங்கியில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஆடுவது அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்குத்தான். கழகம் போய்விட்டது, கிண்ணம் மட்டும் மிஞ்சியது. பிளேஸ் செய்தது இதற்கு நேர் மாறானது. அவர் கிண்ணம் எதுவும் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் கொடுத்தார்.

இலங்கைப் பாடசாலைகளில் றக்பி 1891இல் கிங்ஸ்வூட்டில்தான் தொடங்கியது என்பது எல்லாரும் ஒத்துக்கொள்கிற வரலாறு. ஆனால் இரண்டு பாடசாலைகள் மோதிய முதல் மெட்ச் நடந்தது 1906 ஓகஸ்ட் 11ஆம் திகதி. இடையில் 15 வருஷம்! எதிர்த்து ஆட இன்னொரு பாடசாலை இல்லாமலே அந்தச் சின்னப் பாடசாலையில் பந்து உருண்டிருக்கிறது. வாத்தியார்மாருக்கு இது எவ்வளவு பெரிய பொறுமை என்று விளங்கும்.

1906இல் எதிரே வந்து நின்றது பிளேஸ் படித்த அதே ட்ரினிட்டி. அப்போது அங்கே அதிபர் ஏ.ஜி. பிரேசர். பிள்ளைகள் தாய்மொழியைப் படிக்க வேண்டும் என்று ஒரு ஆங்கிலப் பாடசாலைக்குள்ளேயே வாதாடிய மனிதர். மெட்ச் நடந்தது பொகம்பர மைதானத்தில். புள்ளிகள் 6-6. யாருக்கும் தோல்வி இல்லை. (அப்போது ஒரு ட்ரைக்கு 3 புள்ளிதான். இன்று 5.)

ட்ரினிட்டி பிறகு றக்பியின் பெரிய வீடாகிவிட்டது. 1920இல் கொழும்பு றோயல் கல்லூரியோடு ஆடத் தொடங்கினார்கள். 1945இல் றோயல் அதிபர் ஈ.எல். பிரட்பி ஒரு கேடயத்தைக் கொடுத்தார். அதுதான் பிரட்பி கேடயம். இன்றுவரை நாட்டிலேயே பெரிய பாடசாலை றக்பிப் போட்டி அதுதான்.

பிரட்பியில் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. ஒரு மெட்ச் கொழும்பில், ஒரு மெட்ச் கண்டியில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. முதல் மெட்ச்சில் 10 புள்ளி வித்தியாசத்தில் தோற்றவன், இரண்டாவதில் 11 வித்தியாசத்தில் வென்றால் கேடயம் அவனுக்கு. விழுந்தவனுக்கு எழும்ப ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ அவகாசம் தருகிற போட்டி. கண்டியில் மெட்ச் என்றால் நம்ம ஊருக்கும் அது தெரிந்துவிடும். நீலமும் பொன்னுமாகக் கொடி கட்டிய வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு கணவாய் ஏறும். கடை வாசலில் நின்று பார்த்த ஞாபகம் உங்களில் எத்தனையோ பேருக்கு இருக்கும்.

இப்போது பையனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கிங்ஸ்வூட் மெதடிஸ்த மிஷனின் பாடசாலை. ட்ரினிட்டி அங்கிலிக்கன் மிஷனின் பாடசாலை. நம்ம முன்னோர்கள் தங்கள் பிள்ளைகளை மிஷன் பாடசாலைகளுக்கு அனுப்பத் தயங்கினார்கள். மார்க்கம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை இன்று நாம் இருந்து குறை சொல்ல முடியாது. ஆனால் விலை ஒன்று இருந்தது. ஆங்கிலமும் போனது, உத்தியோகமும் போனது, மைதானமும் போனது. றக்பி வளர்ந்த இடங்களில் நம்ம பிள்ளைகள் மிகக் குறைவு. ஆட்டம் பாடசாலையோடு ஒட்டி வளர்ந்ததால், பாடசாலைக்குள் இல்லாதவன் ஆட்டத்துக்குள்ளும் இல்லை.

அந்த விலையைக் கண்டவர் ஒருவர் அதே கண்டியில் இருந்தார். அறிஞர் சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். மார்க்கத்தையும் நவீனக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கலாம் என்று எழுதி எழுதிச் சொன்னவர். பிளேஸ் கண்டியில் பாடசாலை தொடங்கிய அடுத்த வருஷம், 1892இல், சித்திலெப்பையும் ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் சேர்ந்து கொழும்பு மருதானையில் ஒரு பாடசாலையைத் திறந்தார்கள். அல் மத்ரஸத்துல் கைரியத்துல் இஸ்லாமியா. அதுதான் இன்றைய சாஹிராக் கல்லூரி. 1921இலிருந்து 1948 வரை டி.பி. ஜாயா அதிபராக இருந்து அதை நாடறிந்த கல்லூரியாக்கினார். இன்று சாஹிராவின் றக்பி அணி எந்த அணிக்கும் இளைத்ததல்ல.

கண்டிக்காரர் இரண்டு பேர். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். ஒரே காலத்தில் சின்னதாகத் தொடங்கினார்கள். இரண்டு பாடசாலைகளிலும் இன்று ரகர் ஆடுகிறார்கள். எனக்கு இது சும்மா ஒரு தற்செயலாகத் தெரியவில்லை. பாடசாலை இருந்தால் மைதானம் வரும்.

1960களின் தொடக்கத்தில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது கிங்ஸ்வூட்டும் அரச பாடசாலையானது. நம்ம பிள்ளைகளுக்கும் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. பாசில் மரிஜாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிங்ஸ்வூட்டில் ஆடி, கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கும் இலங்கை அணிக்கும் தலைவரானவர். ஒரு காலத்தில் துரைமார் மட்டும் ஆடிய கழகம் அது. நித்தவெல மைதானத்தில் அவர் பந்தை எடுத்தால் சிங்களவரும் தமிழரும் முஸ்லிமும் ஒன்றாக எழும்பி நின்றார்கள்.

2018 மார்ச் மாதத்தை நாம் யாரும் மறக்கவில்லை. திகன, தெல்தெனிய, அக்குறணை. ஊரடங்கு போட்ட அந்த இரவுகளில் நம்ம ஊரிலும் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரு பந்து வந்து அதையெல்லாம் தடுத்திருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது பொய். ஆனால் ஸ்கிரம்மைக் கவனித்துப் பாருங்கள். எட்டுப் பேர் ஒருவர் சேர்ட்டை ஒருவர் பிடித்துக் குனிகிறார்கள். பக்கத்தில் இருக்கிறவன் கையை விட்டால் உன் கழுத்துக்குத்தான் ஆபத்து. 15 வயதில் ஒருவனை அப்படி நம்பிப் பழகியவன், 30 வயதில் அவனுடைய கடையைப் பற்றி யாராவது கதை கட்டினால் கொஞ்சமாவது யோசிப்பான். நம்ம பிள்ளைகளும் அயலூர்ப் பிள்ளைகளும் தனித்தனி மொழியில், தனித்தனிப் பாடசாலையில் படிக்கிறார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலே ஏ/எல் முடித்துவிடுகிறார்கள். சந்திக்க ஒரு இடம் வேண்டாமா?

பெற்றோர் சொல்வதையும் நான் கேட்காமல் இல்லை. கை கால் உடையும். சப்பாத்து விலை. டியூஷன் தவறும். நோன்பு காலத்தில் எப்படி, ஜும்ஆ நேரத்தில் பயிற்சி வைத்தால் என்ன செய்வது? எல்லாம் நியாயமான கேள்விகள். பதிலும் இருக்கிறது. டெக் றக்பி என்று ஒன்று இருக்கிறது. டக்கிள் கிடையாது. இடுப்பில் கட்டிய நாடாவைப் பிடுங்கினால் போதும். சப்பாத்து இல்லாமல் புல்லிலும் ஆடலாம். பெண் பிள்ளைகளும் தங்களுக்குள் ஆடலாம். நேரத்தை நாம்தானே வைக்கிறோம், ஜும்ஆவுக்கும் நோன்புக்கும் ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பாடசாலைகளின் கேடயங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வரலாறு படிப்பதல்ல. அந்தக் கேடயத்துக்கு 54 வருஷம் முன்னால் ஒரு வாடகை இடத்தில் 11 பிள்ளைகளோடு ஒரு வாத்தியார் நின்றார் என்பதைப் பார்க்க வேண்டும். அவரிடம் அரங்கமும் இல்லை, பேண்டும் இல்லை. எதிர்த்து ஆட ஒரு அணிகூட இல்லை. 15 வருஷம் காத்திருந்தார். நம்ம பாடசாலையில் ஏன் ரகர் இல்லை என்றால், மகனே, அதை யாரும் இன்னும் தொடங்கவில்லை. அவ்வளவுதான் பதில்.

அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப எத்தனை பேர் வேணும் சேர்?" என்று கேட்டான். பதினொரு பேர் போதும் என்றேன். மறுநாள் ஒரு கொப்பித் தாளில் பெயர் எழுதிக்கொண்டு வந்தான். ஏழு பேர் இருக்கிறார்கள்.

இன்னும் நாலு பேர் வேண்டும். ஒரு பழைய பந்தும் வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பொகம்பரவிலோ நித்தவெலவிலோ ஆடிய நம்ம ஊர் வாப்பாமார், மாமாமார் இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் கதைகளையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

வஸ்ஸலாம்.