கேமரன் மலை: கோடை வாசத்தலமும் தேயிலைத் தோட்டத் தமிழரும்

முன்னுரை

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ள கேமரன் மலை, மலேசியர் அனைவரும் அறிந்த சுற்றுலாத் தலமாகும். பிரிஞ்சாங்கைக் கடந்து செல்வோர் கியா பார்ம் சந்தையில் காய்கறிகளை வாங்கிக்கொண்டு, அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் பசுமையைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். இம்மலையின் வரலாறு பெரும்பாலும் இங்ஙனம் ஓய்வு நாடி வந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உழைக்க வந்தோரின் வரலாற்றை அதனோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசத்தலத்தின் தோற்றம்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் - பேராக் எல்லைப் பகுதியை ஆராய்ந்தபோது இம்மேட்டு நிலத்தைப் பற்றி அறிவித்தார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்துவிட்டது. எனினும், செமாய் பழங்குடியினர் அதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கு வாழ்ந்து வந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த இவ்விடத்தை 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் பார்வையிட்டு, மலைவாசத்தலமாக மேம்படுத்தலாம் எனக் கருதினார். ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் மலாயாவில், தாயகம் செல்லாமலே இளைப்பாற ஐரோப்பியருக்குக் குளிர்ந்த இடம் ஒன்று தேவைப்பட்டது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931இல் நிறைவு பெற்றபின் விடுதிகளும் ஓய்வில்லங்களும் எழுந்தன.

சாலையும் தேயிலையும்

உதகமண்டலம், நுவரெலியா ஆகிய இரண்டும் இத்தகைய குடியேற்றக்கால வாசத்தலங்களே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உதகையில் சல்லிவன் 1820களில் வீடு கட்டிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே நீலகிரியில் தேயிலை வணிகப் பயிராகப் பரவியது. நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளிலும் காப்பி நோயுற்று அழிந்த பின்னரே தேயிலை ஓங்கியது. கேமரன் மலையிலோ வாசத்தலமும் தேயிலையும் ஒருங்கே வளர்ந்தன. சாலை முடியுமுன்னரே, 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனம் தோன்றியது. இம்மூன்று மலைநாடுகளின் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழர் உழைப்பு இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. ஒரே பேரரசின் தொழிலாளர் ஏற்பாட்டின் விளைவு எனலாம்.

பசுமையின் பொருள்

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டுவிட்டால் மரமாக உயர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, இடைவிடாது கொழுந்து பறித்து வந்தால்தான் அது இடுப்பளவில் சமமாகப் படர்ந்து நிற்கும். ஆகவே, பயணி வியந்து நோக்கும் பசுங்கம்பளம் இயற்கைக் காட்சியன்று; நாள்தோறும் கைகள் உருவாக்கிய காட்சி. பனிமூட்டத்திலும் மழையிலும் சரிவில் நின்று கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களின் பங்கு அதில் பெரிது.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் தோட்டங்கள் ஏற்கனவே குடியேறியிருந்த குடும்பங்களையே பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது. லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் சேர்ந்து ஒரு நிலையான சமூகமாயின. 1951இல் பிரித்தானியப் படையினரின் பிள்ளைகளுக்கென இம்மலையில் ஸ்லிம் பள்ளி தொடங்கப்பட்டது. குளிர்ந்த காற்றில் கற்கட்டும் என்று அப்பிள்ளைகள் மலைக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளோ அக்காற்றிலேயே பிறந்து, தோட்டப் பள்ளியில் பயின்றனர். ஒரே மலையின் இருவேறு கல்வி வரலாறுகள் இவை.

முடிவுரை

இன்று கத்தரிகளும் இயந்திரங்களும் கைகளின் இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதியாக உள்ளனர். தோட்டத் தமிழரின் இளைய தலைமுறையினர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். விடுதிகளின் வரலாறு கட்டடங்களாக நிற்கிறது. லயத்து வாழ்வின் வரலாறோ முதியோர் நினைவில் மட்டுமே நிற்கிறது. தானா ராத்தா, ரிங்லெட் பகுதிகளின் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டே தாத்தா பாட்டியரின் வாய்மொழிச் செய்திகளையும், தமிழர் தமக்குள் வழங்கிய இடப்பெயர்களையும், பாடல்களையும் பதிவு செய்ய இயலும். அப்பணி இத்தலைமுறையிலேயே நிகழ வேண்டும். தவறினால், கேமரன் மலை வரலாற்றில் நாம் விருந்தினராக மட்டுமே எஞ்சுவோம்.