கரடிக்குக் குரல் கொடுத்த டின் டான்

டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' (1967) படத்தில் வரும் பல்லூ கரடியைப் பேரப்பிள்ளைகளோடு பார்த்திருப்பீர்கள். லத்தீன் அமெரிக்காவுக்கான ஸ்பானிஷ் பதிப்பில் அதற்குக் குரல் கொடுத்தவர் 'டின் டான்' என்கிற ஹெர்மன் வால்டேஸ்.

1915இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்க எல்லையை ஒட்டிய சியுதாத் ஹுவாரஸில். அங்கே வானொலி நிலையத்தில் எடுபிடி வேலை பார்த்து, பிறகு அதிலேயே பேசத் தொடங்கினார். தொளதொள கால்சட்டை, நீண்ட கோட்டு, இறகு செருகிய தொப்பி என்று எல்லைப்புறத்து 'பச்சூக்கோ' இளைஞர்களின் உடுப்பையே தன் வேஷமாக்கிக்கொண்டார். பேச்சும் அவர்களுடையதுதான், ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து. மொழியைக் கெடுக்கிறான் என்று படித்தவர்கள் ஏசினார்கள். பிரெஞ்சு வாத்தியார்களிடம் படித்தவனுக்கு அந்தக் கோபம் புரியும்! போகப்போகப் படங்களில் ஆங்கிலக் கலப்பு குறைந்தது. எனக்கென்னவோ அது நஷ்டம்தான். ஆனால் குறும்பு குறையவில்லை. 'எல் ரெய் டெல் பாரியோ' (1950) பார்த்தால் தெரியும்.

1970இல் 'அரிஸ்டோகேட்ஸ்' படத்தின் தெருப்பூனைக்கும் அவரே பேசினார். 1973இல், 57 வயதில், காலமானார்.