எக்ஸ்-10 கார்டும் மேஸ்திரியும்

எக்ஸ்-10 என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த மறுவாரமே சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கிய அட்டை அது. ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக வீட்டில் அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தோம். புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று அம்மாக்கள் காலண்டரில் குறித்து வைப்பார்கள்.

அந்த அட்டையில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். வாங்கியவர்களில் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த எண்ணைப் போட்டவன். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற ஏற்பாடே பட்டாளத்துக்காக வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1945-ல், படையிலிருந்து விடுவிக்கப்படுகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க வெள்ளைக்காரர்கள் இதைத் தொடங்கினார்கள். பிரிவினை அகதிகள் அடுத்து வந்தார்கள். 1948-ல் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. நமக்கும் இதற்கும் 1954 நவம்பர் 1 வரை சம்பந்தமே கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் பிரெவே படித்தவர் அரசு உத்தியோகத்துக்கு மனுப் போட்டார், சொல்தாவாகப் போனவர் கப்பலேறினார், மற்றவர்கள் காலையில் மில் கேட்டில் நின்றார்கள். ரோடியர் மில்லோ சவானா மில்லோ கெப்ளே மில்லோ, உள்ளே போவதற்கு மேஸ்திரியின் தயவு வேண்டும். யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்பது மேஸ்திரியின் மனக்கணக்கில்தான் இருந்தது.

அந்த மனக்கணக்கைப் புத்தகமாக்கியது போலத்தான் தேசியத் தொழில் வகைப்பாடு வந்தது. சுருக்கமாக என்.சி.ஓ. முதல் பதிப்பு 1958. நாங்கள் புழங்கியது 1968 பதிப்பு, அதில் 2484 தொழில்கள். ஸ்டெனோவும் டைப்பிஸ்ட்டும் 32-ம் பிரிவு, நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர் எல்லாம் 75, வண்டி ஓட்டுபவர் 98. இந்த இரண்டு இலக்கத்துக்குப் பின் இன்னும் மூன்று இலக்கம் சேர்ந்தால் குறிப்பிட்ட தொழில் வந்துவிடும். அமெரிக்காவில் 1939-லேயே தங்கள் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்காக ஏறக்குறைய 17,500 தொழில்களை விவரித்து ஓர் அகராதி போட்டிருந்தார்கள். நமது புத்தகம் அதைவிடச் சிறியது என்றாலும் மேசையில் வைத்தால் செங்கல் மாதிரி இருக்கும்.

வேலை நடந்த விதம் இது. பதிவு செய்ய வருபவரிடம் விசாரித்து எக்ஸ்-1 என்ற அட்டையை நிரப்புவோம். அது எங்களிடம் இருக்கும், எக்ஸ்-10 அவரிடம் போகும். எக்ஸ்-1 அட்டைகள் என்.சி.ஓ. எண் வரிசைப்படி இழுப்பறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிறுவனம் ஆள் கேட்டு எழுதினால் அதற்குரிய எண்ணைப் பார்த்து, அந்த இழுப்பறையைத் திறந்து, சீனியாரிட்டிப்படி பெயர்களை எடுத்து அனுப்புவோம். ஆக ஒருவருக்கு எந்தக் காலியிடம் தெரியவரும் என்பதை அந்த எண்தான் தீர்மானித்தது. எண் தப்பினால் அட்டை தவறான இழுப்பறையில் தூங்கும். தப்பு நடந்தது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம். வேலை பார்த்த அனுபவமே இல்லாத புதியவர்களுக்கு 'எக்ஸ்' என்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. தொழிலால் வகைப்படுத்த முடியாதவர்கள் என்று பொருள். அந்த இழுப்பறைகள்தான் மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டு நின்றன.

1959-ல் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அரசுத் துறைகளும், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற தனியார் நிறுவனங்களும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தெரிவித்தால் போதும், நாங்கள் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 1987-ல் இதைத் தெளிவாக்கியது. 1996-ல் இன்னொரு தீர்ப்பில், அரசு வேலைகளுக்குப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் எங்கள் இழுப்பறைகளின் மவுசு அதோடு குறைந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. என்.சி.ஓ. 2004-ல் 2945 தொழில்களாகவும் 2015-ல் ஏறக்குறைய 3600 தொழில்களாகவும் வளர்ந்தது, எண்ணும் எட்டு இலக்கமாயிற்று. 2015 ஜூலையில் தேசிய வேலைவாய்ப்புச் சேவை என்ற இணையதளம் தொடங்கினார்கள். வரிசை கிடையாது, வீட்டிலிருந்தே பதியலாம். இப்போது அடுத்த கட்டம். ஒருவர் தன் வேலையைத் தன் சொற்களில் எழுதினால் இயந்திரமே எண்ணைக் கண்டுபிடிக்கும். இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தார் காஸ்காட் என்று ஒன்றை நெடுநாளாக வைத்திருக்கிறார்கள். எழுதிய சொற்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, எண்ணையும் அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண்ணையும் தரும். மதிப்பெண் குறைந்தால் மனிதர் பார்க்க வேண்டும். நம் புள்ளியியல் அமைச்சகமும் 2025-ல் செயற்கை நுண்ணறிவை வைத்து இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அது கடை, ஆலை போன்றவை எந்த வகை என்று சொல்வதற்கானது. விவரத்தை எழுதினால் பொருந்தக்கூடிய ஐந்து எண்களைக் காட்டும். தொழில்களுக்கும் வழி இதேதான்.

இதை நான் வரவேற்கிறேன். மாலை நாலரை மணிக்கு, வரிசையில் இன்னும் முப்பது பேர் நிற்கும்போது, செங்கல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவன் நான். இயந்திரத்துக்கு அந்தச் சலிப்பு கிடையாது. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

எண்பதுகளில் ஒரு மில் மூடிக்கிடந்த நேரம். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நாலாவது வரை படிப்பு, சர்டிபிகேட் ஒன்றும் இல்லை. "என்ன வேலை பார்த்தீங்க?" என்றேன். "மேஸ்திரி சார்" என்றார். எத்தனை வருஷம் என்று கேட்டேன், பதினெட்டு என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கொத்தனார் மேஸ்திரி என்று எண்ணி, கட்டட வேலைக்குரிய எண்ணைப் போட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வந்தார். கையில் நாங்கள் அனுப்பிய கடிதம். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு பஸ் செலவு செய்து போயிருக்கிறார். கரணை பிடிக்கச் சொன்னார்களாம். "நான் கல் வேலையே பார்த்ததில்லை சார். தறி ஓடலைன்னா சரிபண்ணி ஓட்டுறவன். இருபது தறிக்கு நான்தான் மேஸ்திரி" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் போனபின் காலியிடப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த இடைவெளியில் வேறோர் ஆலையிலிருந்து தறி சரிபார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். தகுதியான ஆள் இல்லை என்று பதில் போயிருந்தது. அதை எழுதியதும் என் கைதான்.

மறுநாள் சொல்லியனுப்பி வரவழைத்தேன். அரைமணி நேரம் உட்கார வைத்து, தறியில் எது எதைக் கழற்றுவார், பாவு அறுந்தால் யார் பார்ப்பார்கள், அவருக்குக் கீழே எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டு, 75-க்குள் சரியான எண்ணைத் தேடி அட்டையை மாற்றினேன். போன வேலை போனதுதான், அதையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு எழுந்து நின்று, "அந்த நம்பரைத் தனியா ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார். அடுத்த தடவை யார் கேட்டாலும் நானே சொல்லிடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.