நிறை, எடை, டைன்

நிறை என்ற சொல்லுக்கு 'நிறைந்திருப்பது' என்று வேர் காட்டும் வழக்கம் பாடக்குறிப்புகள் வரை வந்துவிட்டது. பொருளுக்குள் பருப்பொருள் நிறைந்திருக்கும் அளவாம், அதனால் நிறையாம். காதுக்கு இனிக்கிறது, இலக்கணம் இடம் தரவில்லை. இறு என்ற வினையிலிருந்து வரியைக் குறிக்கும் இறை வந்ததுபோல், நிறு என்பதிலிருந்து வந்தது நிறை. நிறுத்தான், நிறுக்கிறான் என்பது ஒரு வினை. நிறைந்தான், நிறைகிறான் என்பது வேறு வினை. நன்னூல் நல்லாசிரியனுக்கு உவமை சொல்லும் நிறைகோல் எதை நிரப்புகிறது?

தொல்காப்பியம் தொகைமரபில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியே வைக்கிறது. உரைகாரர்கள் அளவுப்பெயருக்குக் கலம், சாடி, நாழி, உழக்கு என்று காட்டுகிறார்கள். நிறைப்பெயருக்குக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம். நிரம்புவதுதான் நிறை என்றால் கலமும் நாழியும் அல்லவா அந்தப் பெயரைப் பெற்றிருக்க வேண்டும்? நிரம்பும் பாத்திரங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தராசில் ஏறுபவற்றுக்கே நிறை என்ற பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் சான்று கேட்பவரோடு வாதிட என்னால் ஆகாது.

எடை வேறு வழியில் வந்தது. கொடு–கொடை, தடு–தடை, எடு–எடை. எடுக்கும் கைக்கு எதிராகப் பூமி இழுக்கிறது. அந்த இழுப்புக்குப் பெயர் எடை. தூக்கு என்ற சொல்லும் தூக்குவதையும் நிறுப்பதையும் சேர்த்தே குறித்தது. கடைவீதியில் எடை என்ற சொல் நிறைக்கும் இந்த இழுப்புக்கும் பொதுவாகப் புழங்குகிறது, புழங்கட்டும். ஆய்வுக்கூடத்தில் அது நடக்காது. ஒரு கிராம் கல்லைத் துலாக்கோலில் மற்றொரு கல்லுக்கு எதிரே வைத்தால் சென்னையிலும் துருவத்திலும் கோல் ஒரே மாதிரிதான் நிற்கும். இரு தட்டையும் ஒரே பூமி இழுக்கிறது. அதே கல்லை நுண்ணிய சுருள்வில்லில் தொங்கவிட்டால், டைன் என்ற விசை அலகில் சென்னையில் சுமார் 978.3, துருவத்தில் சுமார் 983.2. நிறுப்பது நிறை, எடுப்பது எடை. பாடநூல் கலைச்சொல்லாக இவ்விரண்டையும் பிரித்து வைத்தவர்கள் வேர் அறிந்து செய்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

டைனைத் 'திண்' என்ற தமிழ் வேரிலிருந்து வருவிப்பவர்களும் இருக்கிறார்கள். 1873இல் தாம்சனும் மேக்ஸ்வெல்லும் இருந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் குழு, ஆற்றலைக் குறிக்கும் டுனாமிஸ் என்ற கிரேக்கச் சொல்லைக் கொண்டு பரிந்துரைத்த பெயர் அது. குழுவின் செயலர் எவரெட். பிறந்த ஆண்டும் பெயரிட்டவர்களும் தெரிந்த பிள்ளைக்கு வேறு தாய் தேடுவது வீண்வேலை. டைனமோவும் டைனமைட்டும் அதே கிரேக்கக் கொடியில் காய்த்தவை. விசை நம்முடையது, பழைய நூல்களில் வேகத்தையும் துள்ளி எழுவதையும் குறித்தது. ஒரு கிராம் பொருளின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டும் டைனுக்கு இதைவிடப் பொருந்தும் இனப்பெயர் இல்லை.

நியூட்டனில் லட்சத்தில் ஒரு பங்கு டைன், அதாவது 10 மைக்ரோநியூட்டன். 1901இல் ஒப்புக்கொள்ளப்பட்ட புவியீர்ப்பு முடுக்கத்தின்படி ஒரு கிராமின் எடை 980.665 டைன். ஒரு மில்லிகிராமின் எடையோ 0.98 டைன்தான். வம்பு இங்கேதான். கிராமை டைன் என்று எழுதிவிட்டால் விடை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பிழைத்துக் கூச்சலிடும். மில்லிகிராமை டைன் என்று எழுதினால் பிழை நூற்றுக்கு இரண்டுதான். சோதனைப் பிழையோடு சோதனைப் பிழையாக மறைந்துவிடும். நீர்ப்பரப்பிலிருந்து மெல்லிய கம்பி வளையத்தை மேலே இழுத்துப் பரப்பு இழுவிசை காணும் மாணவர் தராசில் படிப்பது மில்லிகிராம். 20 பாகை செல்சியசில் சென்டிமீட்டருக்கு 72.8 டைன் வர வேண்டிய இடத்தில் 74.2 வந்தால் நீரில் அழுக்கு, வளையம் கோணல் என்று வேறெங்கோ காரணம் தேடுவார். நிறையை எடையாக மாற்றாமல் விட்டது கண்ணில் படாது. சரியான விடை கிடைத்துவிட்டால் அலகு மாற்றுவதில் சிரமமே இல்லை: 72.8 டைன்/செ.மீ. என்பது மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். எண் மாறுவதே இல்லை.

ஒரு கிராமின் எடையையே விசைக்கு அலகாகக் கொள்வதும் உண்டு; அந்த ஈர்ப்பு அலகைப் பாடநூல் 'கிராம் விசை' என்கிறது. கிராம் எடை என்றே எழுத வேண்டும் என்பேன். விசை எங்கிருந்தும் வரலாம்; 980.665 என்ற எண் பூமியின் இழுப்பிலிருந்து மட்டுமே வருகிறது.

உரைகாரர் பட்டியலில் உள்ள சீரகத்தை ஏதோ ஒரு நிறைகல்லின் பெயர் என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். பொன் நிறுக்கப் பயன்பட்ட குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம், அதன் எடை சுமார் 118 டைன். பொன் நிறுத்த கை குன்றியோடு நின்றிருக்காது. சீரக விதை ஒன்றின் எடை சில டைன்களே. நிறைப்பெயரான சீரகம் அந்த விதையேதான் என்பது என் துணிபு.