கருவுற்ற பெண்களில் சிக்கா தீநுண்மிச் சோதனை: மாதிரிகளின் வரலாறு

சிக்கா தீநுண்மி 1947 இல் உகாண்டாவின் சிக்கா காட்டில் ஒரு குரங்கிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நெடுங்காலம் அது லேசான காய்ச்சலைத் தருவதாகவே கருதப்பட்டது. 2015 இல் வடகிழக்கு பிரேசிலில் சிறுதலையுடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்ததும், கருவுற்ற பெண்ணிடம் எந்த மாதிரியை எடுத்துச் சோதிப்பது என்பது அவசரக் கேள்வியானது.

முதலில் நாடப்பட்டது குருதியின் ஊநீர் (சீரம்). ஆனால் அறிகுறி தோன்றி ஏறத்தாழ ஒரு வாரத்தில் தீநுண்மியின் ஆர்.என்.ஏ பெரும்பாலும் ஊநீரிலிருந்து மறைந்துவிடும். அதன்பின் எதிர்ப்பான்களைத் தேடினால், டெங்கு பரவியிருந்த பிரேசிலில் இரு நோய்களையும் பிரித்தறிவது கடினமாக இருந்தது. சிறுநீரில் ஆர்.என்.ஏ கூடுதல் நாள்கள் தங்கும். அதை எடுக்க ஊசியும் வேண்டாம். எனவே 2016 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அறிகுறி தோன்றிய இரு வாரங்களுக்குள் சிறுநீரையும் சோதிக்கப் பரிந்துரைத்தது.

இவ்விரு மாதிரிகளும் சேர்ந்தே தவறவிட்டதும் உண்டு. பரைபா மாநிலத்தில், சிறுதலைக் கருவைச் சுமந்த இரு பெண்களின் ஊநீரிலும் சிறுநீரிலும் தீநுண்மி தென்படவில்லை. 28 ஆம் வாரத்தில் எடுத்த பனிக்குட நீரில் இருந்தது. தாய்க்கு வந்த ‘இல்லை’ என்ற முடிவு கருவுக்குப் பொருந்தவில்லை. ஆயினும் வயிற்றில் ஊசி செலுத்தி எடுக்கும் பனிக்குட நீரை எல்லோரிடமும் கேட்க இயலாது. அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு.

இதற்கு நேர்மாறாக, சில கருவுற்ற பெண்களின் ஊநீரில் ஆர்.என்.ஏ பல வாரங்கள் நீடித்தது. 2016 சூலையில், அறிகுறியுள்ள கருவுற்ற பெண்களுக்கு ஊநீர்ச் சோதனைக் காலமும் இரு வாரங்களாக நீட்டப்பட்டது.