பகுதிக் கூடுதல்

'பகு' என்றால் பிரி. பகுதி, பாதி எல்லாம் அந்த அடியில் பிறந்தவை. 'கூடு' என்பதிலிருந்து கூடுதல். பேச்சில் இதற்கு அதிகப்படி என்று பொருள்: கூடுதல் கட்டணம், கூடுதல் பேருந்து. கணக்கில் அப்படியல்ல, கூட்டி வந்த தொகை. மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

முடிவிலித் தொடரில் உறுப்புகள் தீரவே தீரா. அத்தனையையும் கூட்டி முடிக்க யாராலும் ஆகாது. ஆகவே முதல் இரண்டு, முதல் மூன்று என்று நிறுத்தி நிறுத்திக் கூட்டுகிறோம். நிறுத்திய இடத்துத் தொகைக்குப் பகுதிக் கூடுதல் என்று பெயர்.

நம் பழைய பின்ன வாய்பாட்டில் அரை, கால், அரைக்கால், மாகாணி ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. (மாகாணி என்பது மாவும் காணியும் சேர்ந்தது: 1/20 + 1/80 = 1/16.) இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 1/2, 3/4, 7/8, 15/16. ஒன்றுக்குக் குறைவது எப்போதும் கடைசியாகச் சேர்த்த உறுப்பின் அளவே. அந்தக் குறை எவ்வளவு வேண்டுமானாலும் சிறுக்கும் என்பதால் தொடரின் கூடுதல் 1.

உறுப்புகள் சிறுத்தால் மட்டும் போதாது. 1 + 1/2 + 1/3 + 1/4 என நீளும் இசைத் தொடரில் முதல் 10 உறுப்புகளின் கூடுதல் 3ஐக்கூட எட்டாது. 10ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனாலும் அது எந்த எல்லையையும் கடந்துவிடும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரேம் நிறுவிவிட்டார். பகுதிக் கூடுதல்கள் நெருங்கும் எல்லையே தொடரின் கூடுதல் என்று 1821இல் கோஷி தம் பாடநூலில் வரையறுத்தார். இன்றும் அதே வரையறைதான்.