தபால் சுமந்த மகாராஜா

தேவனாம்பட்டினம் நான் தபால் கொடுக்கிற பீட்டாக இருந்த காலத்தில், தார்ச்சாலை முடிகிற இடத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்குவேன். 1976-ல் தபால் இலாகாவில் சேர்ந்தவன் நான். 2014-ல் ஓய்வு பெற்றேன். எண்பதுகளில் அந்த மணல் தெருக்களிலிருந்து பையன்கள் பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் என் பையில் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட கவர்கள் வராத வாரமே கிடையாது.

ஒரு ஆயா இருந்தது. கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கும். மகனிடமிருந்து முதல் கடிதம் வந்த அன்று ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கியது. பிரிக்கவில்லை. புறங்கையால் தடவிப் பார்த்தது.

"கடலுக்கு அந்தாண்ட இருந்தா வருது தம்பி?"

"ஆமா ஆயா, பிளேன்ல வருது."

"அதான் நனையவே இல்ல."

அந்த ஆயாவுக்கு அக்கரையிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் ஈரமாகத்தான் வரவேண்டும். எங்கள் ஊருக்கு அது பழைய வழக்கம். கெடிலம் ஆறு கடலோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கிறதே புனித டேவிட் கோட்டை, அதை 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்து வாங்கினார்கள். குண்டு உப்பலவாடி என்ற பேரெல்லாம் அப்படி வந்ததுதான். 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். இங்கே எழுதிய கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டன் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். பதில் வருவதற்குள் எழுதினவன் செத்தே போயிருக்கலாம்.

கடிதம் கடலை விட்டு ஆகாயத்தில் ஏறிய கதையில்தான் ஏர் இந்தியா வருகிறது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சின்னமான சிவப்புத் தலைப்பாகை மகாராஜாவிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் தபால் பையிலிருந்துதான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் ஏர் இந்தியாவும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. லண்டன் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சியில் இறக்கிவிடும். அங்கிருந்து தெற்கே கொண்டுவர ஆள் வேண்டும். 1932 அக்டோபர் 15 காலையில், ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் 25 கிலோ தபாலை வைத்துக்கொண்டு கராச்சியிலிருந்து கிளம்பினார். ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது. மதியம் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கே பையை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். 25 கிலோ என்றால் பண்டிகை வாரத்தில் என் ஒருத்தன் பீட்டுக்கு வருகிற சுமை. அதற்காக இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தார்கள்.

1949-ல் நடந்தது அதைவிட அழகு. சார்ட்டிங்கில் இருந்த பெரியவர் ஒருவர், அரக்கு உருக்கிக்கொண்டே எனக்குச் சொன்ன கதை அது. ராத்திரியில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று நாலு ஊரிலிருந்தும் நாலு விமானங்கள் கிளம்பும். நட்ட நடு இரவில் நாகபுரியில் நாலும் வந்து நிற்கும். பைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். அந்த ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதத்துக்கு விமானத்துக்கென்று தனிக் கட்டணமும் இல்லை. சாதாரணத் தபால்தலை ஒட்டிய ஏழை வீட்டுக் கடிதமும் ஆகாயத்தில் போனது. இந்த நாட்டில் சமத்துவத்துக்காகச் செய்த காரியங்களில் இதையும் எழுதி வைக்கவேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

1953-ல் விமான சேவை மொத்தத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்போது தபாலுக்கும் விமானத்துக்கும் ஒரே அமைச்சர்தான், ஜகஜீவன் ராம். உள்நாட்டில் ஓடிய எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. டாடாவுக்கு அதில் மன வருத்தம் இருந்தும் 25 வருஷம் தலைவராக இருந்து நடத்திக் கொடுத்தார். 1960-ல் போயிங் 707, 1971-ல் ஜம்போ. அந்தப் பெருமையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. விமானத்தில் ஏறினால் அவர் குறிப்பெழுதுவாராம். நாற்காலி எவ்வளவு சாய்கிறது, தேநீர் ஏன் காபி நிறத்தில் இருக்கிறது என்று. முகவரியில் ஒரு எழுத்து அழிந்திருந்தாலும் நின்று பார்க்கிற கண் அது. எந்த இலாகாவும் அந்தக் கண் இருக்கிற வரைக்கும்தான் நிற்கும்.

1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அன்றோடு எல்லாம் போயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். எந்த ஊருக்குப் பறப்பது, எத்தனை விமானம் வாங்குவது என்பதெல்லாம் டெல்லியில் முடிவாயிற்று. 1985-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 329 பேர் கடலில் போனார்கள்.

இருந்தும், 1990-ஐ நான் மறக்கமாட்டேன். ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது என் பீட்டில் பிள்ளைகள் அங்கே இருந்த மூன்று வீடுகளில் அடுப்பு சரியாக எரியவில்லை. அங்கிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. வெறும் பையோடு அந்தத் தெருவில் நடப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது. வாசலில் நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் தலையை ஆட்டுவேன். அந்த நேரத்தில்தான் ஏர் இந்தியா ஜோர்டானின் அம்மானுக்கும் பம்பாய்க்கும் இடையே 59 நாள் ஓயாமல் பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. என் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஒருவன் காலில் செருப்புகூட இல்லாமல் பஸ்ஸிலிருந்து இறங்கினான். லாபக் கணக்குப் பார்க்கிற எந்தக் கம்பெனி இதைச் செய்திருக்கும்? அரசாங்கத்து விமானம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அந்தச் செருப்பில்லாத காலைத்தான் நான் காட்டுவேன்.

அதே பிள்ளைகள் திரும்ப வளைகுடாவுக்குப் போனபோது வேறு நாட்டு விமானங்களில் போனார்கள். நம் ஊர்களிலிருந்து துபாய், தோஹா பக்கம் பறக்கும் இருக்கைகளை அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுத்தது. உள்ளூரிலும் தனியார் வந்துவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 111 புது விமானங்கள் கடனில். 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றில் பெரும்பாலும் போயிங், இன்னொன்றில் ஏர்பஸ். இரண்டு சம்பள விகிதம், இரண்டு சீனியாரிட்டி பட்டியல். இரண்டு தலைமை அஞ்சலகத்தை ஒரே இரவில் ஒரு கூரைக்குள் தள்ளினால் மறுநாள் சார்ட்டிங் என்ன கதி ஆகும் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். மூட்டை தூக்குகிறவனை யாரும் கேட்பதில்லை.

2012-ல் 30,000 கோடி ரூபாய்க்கு மேல் படிப்படியாகத் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது, நிமிரவில்லை. 2018-ல் விற்பனைக்கு வைத்தார்கள், ஒருவரும் வரவில்லை. 2021 அக்டோபரில் டாடா குழுமம் 18,000 கோடிக்கு எடுத்தது. அதிலும் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது, ரொக்கம் 2,700 கோடிதான். அப்போது மொத்தக் கடன் 61,000 கோடிக்கு மேல். மிச்சக் கடன் அரசாங்கத்தின் தலையில், அதாவது நம் தலையில். 2022 ஜனவரி 27 அன்று சாவி கைமாறியது. பிறந்த வீட்டுக்கே போய்விட்டது என்று டீக்கடையில் சந்தோஷமாகப் பேசினார்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. டாடா கொடுத்தபோது அது ஓடுகிற வண்டி. திருப்பிக் கொடுத்தபோது இருந்த நிலையை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

தபால் பையிலிருந்து ஆரம்பித்தேன், தபால் பையிலேயே முடிக்கிறேன். 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தார்கள். 46 வருஷம் கழித்து, 2012 ஆகஸ்டில், அந்த மலையின் பனிப்பாறைச் சரிவில் ஒரு சணல் பை வெளியே வந்தது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை. கண்டெடுத்தவர்கள் அதைக் காவல்துறையிடம் கொடுக்க, அது இந்தியத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது நான் இன்னும் வேலையில் இருந்தேன். மேசை மேல் விரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தேன். சணல் நூல் நூலாகத் தெரிந்தது. மேலே அச்சிட்ட எழுத்து அழியவில்லை. உள்ளே இருந்த அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைப் படிக்க முடிந்ததாம். பை மட்டும் பனியில் ஊறி, நனைந்திருந்தது.